கைகளைத் தூக்கி நின்றவர்

ஒஸ்லோவில் பல நாட்டுப் பெண்கள் அணிகளின் கோல்ஃப் போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள், பயிற்சி நாள். மனம் மரத்து வேலையிலிருந்து விடுப்பில் இருந்த என்னை, டாக்டர் வெளியே நடக்கச் சொல்லியிருந்தார். போட்டி மைதானம் வரை நடந்தேன். காற்று முகத்தில் பட்டது, வேறு யாரோ ஒருவரின் முகத்தில் படுவதுபோல.

பார்வையாளரைத் தடுக்கக் கட்டிய கயிற்றோரம் மஞ்சள் மேலங்கியோடு ஒரு தமிழர் நின்றார். நரைத்த மீசை, நன்றாகத் துடைத்த சப்பாத்து. யாராவது பந்தை அடிக்க நின்றால் இரு கைகளையும் தூக்கிச் சனத்தை அமைதியாக்கும் தொண்டர். நோர்வே அணியின் ஒல்லிப் பெண் ஒருத்தி வந்தபோது மட்டும் கைகளைத் தூக்கியதோடு கண்களையும் மூடிக்கொண்டார்.

"ஏன் அண்ணை கண்ணை மூடுறியள்?"

"என்ரை மகள், தங்கச்சி. நான் பார்த்தா அவளுக்குக் கை நடுங்குதாம். நாளைக்கு வரவேண்டாம் எண்டிட்டாள்."

"இண்டைக்குப் பயிற்சிதானே, பாருங்கோவன்."

"சும்மா இருங்கோ. என்ரை கண்ணே பட்டிடும்."

பந்து குழியில் நட்ட கொடிக்கருகில் விழுந்தது. அவள் திரும்பி அப்பாவைத் தேடிக் கையசைத்தாள். ஏனென்று தெரியாமல் என் கை எழுந்து அசைந்தது.

"எங்கை விழுந்தது?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கொடியடியிலை. உங்களுக்குக் கை காட்டினவள், அண்ணை."

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் மேட்டுக்கு அப்பால் போய்விட்டாள். சனமும் கலைந்தது. தூக்கிய கைகளை மட்டும் அவர் இறக்கவில்லை. அந்த வெறும் புல்வெளியில் யாரை அமைதியாக இருக்கச் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.