மாட்டிக்கொண்ட பதினோரு இடங்கள்

எங்கள் கம்பெனி விற்கிற பொருள் என்ன என்று வீட்டில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள், எழுதியதை வெளியே அனுப்புவதற்கு முன்னால் அதில் எங்கே தப்பு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற டூல் அது. கள்ளக்குறிச்சியில் மோட்டார் பம்ப் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒன்பது பேர் உட்கார்ந்து அதைச் செய்கிறோம். கரும்பு ஏற்றிய டிராக்டர் போனால் ஜன்னல் அதிரும். உடனே சர்வர் நின்றுபோயிருக்குமோ என்று பார்ப்பேன். சர்வர் இங்கே இல்லவே இல்லை, எங்கேயோ இருக்கிறது. தெரிந்தும் பார்ப்பேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள் பயத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, பயம் போகவில்லை, நானும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. டைப்பிங் தெரியும் என்று இங்கே சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "வெப்சைட்ல போட்டிருக்கறதைப் படிச்சு நீங்களே நம்ம டூலை இன்ஸ்டால் பண்ணுங்க. யாரையும் கேக்கக்கூடாது. எங்க மாட்டிக்கிறீங்களோ அதை எழுதி வைங்க" என்றார்.

காலையில் ஆரம்பித்தது, சாயந்தரம்தான் முடிந்தது. பதினோரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே பேப்பரை நீட்டினேன். முதலாளியும் மற்றவர்களும் வெப்சைட்டில் அந்தப் பதினோரு இடத்தையும் திருத்தினார்கள். அதிலிருந்து புதுசாக எது எழுதினாலும் முதலில் நான் படித்துப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. போனில் சந்தேகம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலையானது. எல்லாரும் என்னை மேடம் என்பார்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு போனையும் பயந்துகொண்டேதான் எடுப்பேன்.

வேலைக்காக மற்ற கம்பெனிகளின் வெப்சைட்டுகளையும் படிப்பேன். எல்லாரும் "இன்ஸ்டால் செய்ய வெறும் ஒரே வரி டைப் செய்தால் போதும்" என்றுதான் எழுதுகிறார்கள். அந்த ஒரு வரிக்கு முன்னால் செய்ய வேண்டிய ஏழெட்டு வேலையை ஒருவரும் சொல்வதில்லை. 'வெறும்' என்கிற சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பயம். அந்த வெறும் ஒரு வரி நமக்கு வரவில்லை என்றால், தப்பு நம்மிடம்தான் என்று தோன்றிவிடுமே.

எங்கள் மார்க்கெட்டிங் பார்க்கிறது ஒரு பெண். வடக்கனந்தலில் இருந்து ஸ்கூட்டியில் வரும், பை நிறைய முறுக்கு வைத்திருக்கும். ஒரு மத்தியானம் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டியது.

"இன்னாக்கா, எப்டி இருக்கு? நாளைக்கு நம்ம வெப்சைட் முதல் பக்கத்துல போடப்போறேன்."

திரையில் இருந்தது: 'ஒன்பதாவது படித்தவரே இரண்டு நிமிடத்தில் இன்ஸ்டால் செய்கிறார். நீங்கள்?'

"நல்லா இருக்கும்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது. இனிமேல் போனில் யார் என்னை நம்புவார்கள்?

மறுநாள் ஷேர் ஆட்டோவில் வரும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். போனதும், பையைக்கூட வைக்காமல், "அந்த ரெண்டு நிமிஷம் பொய்ம்மா" என்றேன்.

"நேத்துகூட ரெண்டே நிமிஷத்துல இன்ஸ்டால் போட்டீங்களே! நான் பாத்துக்கினுதானே இருந்தேன்?"

"அது நூறாவது வாட்டி. மொத வாட்டி ஒரு பகல் பூரா ஆச்சு."

"அதை எழுதினா எவன்க்கா வாங்குவான்?"

"அது மட்டுமில்ல. ஒன்பதாவதுன்னு தெரிஞ்சா, போன்ல நான் சொல்றதை எவன் கேப்பான்?"

அந்தப் பெண் முறுக்கு மெல்லுவதை நிறுத்தியது. "நேத்தே சொல்றதுக்கு இன்னா? நான் பெருமையாத்தான்க்கா போட்டேன்."

"தெரியும்மா."

டிராயரில் இருந்த பழைய பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். நாலாவது இடத்தில் அதுக்குச் சிரிப்பு வந்து, சத்தமாகப் படித்தது: "'என்டர் அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராவிட்டால்தான் சரி என்று எங்கேயும் போடவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தேன்.' அய்யோ அக்கா, காலேஜ்ல எனக்கும் இதேதான்! நான் அழுதே புட்டேன்."

அப்புறம் ரொம்ப நேரம் டைப் பண்ணிக்கொண்டு இருந்தது. கடைசியில் முதல் பக்கத்தில் வந்தது இது: 'இந்தப் பக்கத்தைப் படித்து எங்கள் ஆபீஸில் ஒருவர் பதினோரு இடத்தில் மாட்டிக்கொண்டார். பதினோரு இடத்தையும் திருத்திவிட்டோம்.' முதலாளி படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். சரி, போடு என்றார். எத்தனாவது படித்தவர் என்று அதில் இல்லை. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாலு நாள் கழித்து ஒரு போன். கல்வராயன் மலையில் இருந்து ஒருத்தர். வெள்ளிமலைப் பக்கம் வீட்டிலிருந்தே வெளியூர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்.

"மேடம், பன்னண்டாவது எடத்துல நான் மாட்டிக்கினேன். டூல் பாதி எறங்கும்போது இங்க சிக்னல் போயிடுச்சு. திரும்ப முதல்லேருந்தா, விட்ட எடத்துலேருந்தா? உங்க பக்கத்துல அதைப் போடலியே. பதினோரு எடத்துல மாட்டினவரு ஒருத்தர் இருக்காரே, அவரைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

ஏன் வாயைத் திறந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. "அது நான்தாங்க. ஒன்பதாவதுதான் படிச்சிருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தபோது குரல் வந்தது.

"ஹலோ? ஹலோ? சிக்னல் போயிடுச்சு மேடம். இன்னா சொன்னீங்க?"

மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை குரல் அவ்வளவாக நடுங்கவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு. உங்களுக்குத்தான் தெரியும். நான் இப்ப இன்னா பண்ணணும்?"

"எனக்குத் தெரியலீங்க. இருங்க, இதோ கேட்டுச் சொல்றேன். அங்கேயே நில்லுங்க, நகந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, பழைய பேப்பரின் அடியில் பன்னிரண்டு என்று போட்டுக்கொண்டு, சிக்னல் போவதற்குள் முதலாளி ரூமுக்கு ஓடினேன்.