குழந்தைவேலுவின் முப்பது முழ வலை

குழந்தைவேலு நான்கு வயதில் வந்த விஷக்காய்ச்சலை வென்றான், அதுவும் டாக்டர் கைவிரித்த பிறகு. அதில் இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப் போனது. அந்தக் காலோடு பர்மாவின் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்கும் வேலையை வென்றான். பத்தொன்பது வருடத்தில் அவன் தோளிலிருந்து ஒரு மூட்டைகூட ஆற்றில் விழுந்ததில்லை. நொண்டிக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நின்றவரிடமிருந்தே தமிழரசியை வென்றான். ஓடித் துரத்த முடியாத அவனுடைய வலையில் 2002 முடியும்வரை அறுபத்தொரு முயல்கள் விழுந்திருந்தன. கணக்கு அக்கா கமலாட்சியுடையது, தப்பு வராது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார அவனால் ஆகாது. லான்மடாவில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் கதவுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பான்.

“எங்கேயாவது போய்த் தொலைடா, தரை தேயுது” என்பாள் அக்கா.

வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக் கியாக்தான் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவனுக்கு மூச்சு சீராகும். கூட்டாளி, லுங்கி வியாபாரம் செய்யும் தஸ்தகீர். ஒருவன் முயலைக் கலைத்து விரட்டுவான், மற்றவன் வலையருகே பதுங்கியிருப்பான். வலையில் முயல் உயிரோடு சிக்கும். தஸ்தகீர் பிஸ்மில்லா சொல்லி அறுப்பான். இரண்டு வீட்டிலும் கறி வேகும்.

கியாக்தானுக்குத் தெற்கே ஊர்ப்பொதுப் புல்வெளி ஒன்று இருந்தது. அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2002 மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், முக்கால்வாசியை யாரோ குத்தகைக்கு எடுத்து, முள்கம்பி போட்டு, மீன்குளம் வெட்டியிருந்தார்கள்.

வலை கட்டத் தோதாக மிச்சம் இருந்தது ஊ சான் மாவுங் என்ற பர்மிய விவசாயியின் வயல்தான். நெல் அறுத்ததும் அவர் உளுந்து விதைப்பார். கொழுந்துக்கு முயல் வரும். அதனால் வலைக்காரர் யார் வந்தாலும் விடுவார். ஆனால் வருகிறவன் குடிசையில் தொங்கும் நோட்டில் தன் கையாலேயே பெயர் எழுத வேண்டும். வரப்பில் மட்டுமே நடக்க வேண்டும். குழந்தைவேலுவுக்கு எழுதத் தெரியாது. தஸ்தகீர் இரண்டு பெயரையும் தானே எழுதிவிடுவான்.

ஜனவரியின் இரண்டாவது ஞாயிறு. வரப்பு மூலையில் வலை கட்டி, தஸ்தகீர் அங்கே பதுங்கினான். வரப்பைச் சுற்றி நிதானமாக நடந்து முயலை ஓட்ட வேண்டும். புல்வெளியில் பழகிய கால்களுக்கு அந்த நிதானம் இல்லை. முயல் காதைத் தூக்கியதுமே குழந்தைவேலு உளுந்துக்குள் இறங்கி நேரே விரட்டினான். முயல் விழுந்தது, அறுபத்திரண்டாவது. பின்னால் வயலின் குறுக்கே செடிகள் நசுங்கிக் கிடந்தன.

ஊ சான் மாவுங் நோட்டோடு வந்தார்.

“கோ தஸ்தகீர், ரெண்டு பெயரும் ஒரே கை. ரெண்டும் நீ எழுதினதுதான். அப்போ மிதிச்சதும் நீதான். இனி வராதே.”

“அவனில்லை சயா, நான்தான் மிதிச்சேன்” என்றான் குழந்தைவேலு.

“நோட்டில் நீ இல்லையே. நோட்டில் இல்லாதவன் என் வயலுக்குள்ளே திருடன்.”

குழந்தைவேலு கட்டைவிரலை நீட்டினான். “மை கொடுங்க, வைக்கிறேன்.”

“கட்டைவிரல் எல்லாம் எனக்கு ஒண்ணுதான். நாளைக்கு மிதிச்சவன் யாருன்னு ரேகையைப் பார்த்தா தேடுவேன்? மிதிச்சது நீதானே, தஸ்தகீர் வரட்டும். நீ எழுதிட்டு வா.”

திரும்பும் பஸ்ஸில் தஸ்தகீர், “விடு மாப்ள, நான் மட்டும் போய் உனக்குக் கறி கொண்டாந்து கொடுக்கிறேன்” என்றான்.

“கறி கடையிலே கிடைக்கும்” என்றான் குழந்தைவேலு.

அடுத்த மூன்று ஞாயிறும் மிஞ்சியிருந்த புல்வெளிக்குத் தனியாகப் போனான். ஆடு மேய்ந்து புல் கணுக்காலுக்குத்தான் இருந்தது. இவன் ஓரடி வைக்கும் முன்பே முயல் பார்த்துவிட்டது. முப்பது முழ வலையைச் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு போனது. வரப்பில்லாத இடத்தில் அதற்கு எந்தப் பக்கமும் வழிதான். மூன்றாம் ஞாயிறு, முள்கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு காவலாள் இவனைக் கையசைத்து விரட்டினான்.

மறுநாள் படகுத்துறையில், படகு வராத நேரத்தில், சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தான். கரித்துண்டால் மூட்டையின்மேல் தன் பெயரைப் பார்த்துப் பார்த்து வரைந்தான், பர்மிய எழுத்தில், வட்டம் வட்டமாக. உட்காரவில்லை, நின்றபடியேதான். கூடச் சுமக்கும் தங்கவேலு எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணே, முயல் புழுக்கை வரைஞ்சு வச்சிருக்கே?”

“என் பேருடா.”

“பேருன்னா பக்கத்துல பக்கத்துல இருக்கணும். இது மேய்ச்சலுக்குப் போயிருக்கு.”

அன்று துறையிலிருந்து பதினேழு மூட்டைகள் அவன் பெயரைச் சுமந்துகொண்டு போயின. சனிக்கிழமைக்குள் வட்டங்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டன. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை தஸ்தகீரோடு குடிசைக்குள் போனான். நோட்டை வாங்கி, பேனாவைக் கரித்துண்டு போலவே பிடித்தான். இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது.

“மாப்ள, முயல் வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திடும்” என்றான் தஸ்தகீர்.

“பேசாதே, ஒரு வட்டம் பாக்கி.”

ஊ சான் மாவுங் கண்ணாடியைத் தூக்கி வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார். “வரப்பில் நட” என்று மட்டும் சொல்லி, பேனாவை வாங்கி, அந்தப் பெயருக்கு எதிரே தேதி போட்டார்: 2003 பிப்ரவரி 9.