பத்மாதேவி சரிவில் விட்ட வண்டி

பத்மாதேவிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்து, கண்டிப் பக்கத்துத் தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்த காலமெல்லாம் அப்படித்தான். யுத்தநிறுத்தம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியதும் அந்தப் பதகளிப்பு இன்னும் கூடிற்று.

அவள் செய்தது சாரதி இல்லாத ஒரு சின்ன வண்டி. மேலே பற்றரி, வயர், மினுங்கும் சிவப்பு லைற். மேட்டில் எவ்வளவு உந்துவது, சரிவில் எவ்வளவு அடக்குவது என்பதை ஓட ஓடத் தானே பழகித் தன்னைத் திருத்திக்கொள்ளும். எங்கே போனாலும் ஆள் நடக்கிற வேகம் மாறக்கூடாது. அதைப் பரீட்சகருக்குச் சரிவில் காட்டினால்தான் பட்டம். இல்லையென்றால் கல்லூரி அடையாள அட்டை போய்விடும்; அட்டை இல்லாத தமிழ்ப் பெட்டைக்கு அந்த நாளில் கண்டியில் யார் அறை கொடுப்பார்கள்?

லண்டனிலிருந்து பேராசிரியர் ராஜரத்தினம் பரீட்சிக்க வரும் காலை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? விடிந்ததிலிருந்து வண்டியை ஆய்வுகூடத்து மட்டத் தரையில் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தாள். அங்கேதான் பிழை நேர்ந்தது. புதியதைப் பழகப் பழகப் பழையதை மறக்கிற புத்தி அதற்கு. அவளே கொடுத்த புத்திதான். மட்டத்திலேயே சுற்றிச் சுற்றி, சரிவு என்ற ஒன்றையே அது மறந்துபோயிற்று.

பேராசிரியர் வந்ததும் வாசற் சரிவில் விட்டாள். வண்டி பிய்த்துக்கொண்டு போயிற்று. கீழே கல்லூரி வாசற் படலையடியில் இராணுவக் காவலரண். தன்பாட்டில் பாய்ந்து வரும் வயர்ப் பெட்டியைக் கண்ட சிப்பாய், துவக்கை நிமிர்த்திச் சிங்களத்தில் கத்தினான். நிறுத்தும் சுவிட்சோ வண்டியில்தான் இருந்தது.

"ஓடும் பிள்ளை, ஓடிப்போய் நிப்பாட்டும்!" என்று பேராசிரியர் பதறினார்.

மனம் ஓடிற்று, கால் ஓடவில்லை. காவலரணுக்கு முன்னால் ஓடவும் கூடாது, தயங்கவும் கூடாது, கை தெரிய ஒரே நடையில் போகவேண்டும் என்று சின்ன வயதிலேயே பழகிய கால்கள். பாழாய்ப்போன கால்களே, ஓடித் தொலையுங்களேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கைகளைத் தூக்கியபடி நடக்கத்தான் முடிந்தது.

பாதிச் சரிவில் வண்டி பழகிக்கொண்டது. வேகம் அடங்கி, சரியாக ஆள் நடக்கிற நடைக்கு வந்தது. ஐயோ, அந்த நேரம் பார்த்தா சிப்பாயின் வெடி விழவேண்டும்! வண்டி சிதறிப்போயிற்று.

பேராசிரியர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "சரிவைப் பழகிட்டுது, பிள்ளை. நானே கண்ணால கண்டன். உம்மட பட்டத்துக்குக் குறையில்லை. ஆனா நீர் ஓடியிருந்தா வண்டி தப்பியிருக்குமே?"

"நான் ஓடியிருந்தா, சேர், முதல் வெடி எனக்குத்தான்."

சொல்லும்போதும் அவள் தூக்கிய கைகளை இறக்கவில்லை. சிப்பாய் இன்னும் இறக்கச் சொல்லவில்லை.