ஒரு கையால் ஓட்டக்கூடிய மெஷின்

என் கணவர் இருபது வருஷத்துக்கு மேல் வெல்டராக இருந்தவர். கண்டமங்கலத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் புதுச்சேரிப் பட்டறைக்குப் போவார். 2016இல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் புரியும்.

படுக்கையிலிருந்து குளியலறை வரை பிடித்துக்கொண்டு நடக்கச் சுவரோரம் ஒரு இரும்புக் குழாய் வேண்டும் என்றார் டாக்டர். ஆள் வைத்துப் போட்டுவிடலாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் ஊட்ல வேற ஒர்த்தன் வெல்டு வைக்கிறதா?"

அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆனது.

ராடு வைத்து வெல்டு செய்ய ஒரு கையில் முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, மறு கையில் ராடு வேண்டும். ராடு கரையக் கரையக் கை நிதானமாகக் கீழே இறங்க வேண்டும். பழகாத இடது கைக்கு அது முடியாது என்று அவருக்கே தெரியும். கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மெஷின் என்றால் விசையை அழுத்திப் பிடித்தால் போதும். அதைத் தேடித்தான் விழுப்புரம் போனோம்.

கடைக்காரர் முதலில் அவரிடமே பேசினார். பதில் புரியாமல் என் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா ஓட்டப் போறது?"

"அவருதாங்க."

தொங்கிய கையைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்.

"கேஸ் வச்சதுன்னா வெல்டு சுத்தமா வரும்ண்ணே. ஆனா சிலிண்டரத் தூக்கிக்கினு யாரு அலையறது? கேஸ் இல்லாத கம்பியே ஊட்டுக்குப் போதும். பொகை வரும், ஜன்னலத் தொறந்து வச்சிக்கோங்க."

அவர் கேஸ் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் ஓட்டியது அதுதான். பிறகு என்னைப் பார்த்தார். சிலிண்டர் தூக்க நான்தான் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார். கேஸ் இல்லாததையே காட்டித் தலையாட்டினார்.

வெளிச்சம் பட்டால் தானே கறுக்கும் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டையும் கடைக்காரர் எடுத்து, அவர் தலையில் மாட்டிவிட்டார். உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"என்னம்மா சொல்றாரு?"

"நல்லாத் தெரியுதாம்" என்றேன்.

உண்மையில் அது பேச்சே இல்லை. ஹெல்மெட்டுக்குள் அவர் அழுதுகொண்டிருந்தார்.

வீட்டில் துண்டு இரும்புகளில் ஒரு வாரம் பழகினார். நான் குழாயைப் பிடித்துக்கொள்வேன். ஆறியதும் சுத்தியலால் கசடைத் தட்டிவிடுவேன். எட்டாம் நாள் சுவரில் பதித்திருந்த தாங்கிகளில் குழாயை வெல்டு வைத்து முடித்தார். இருபது வருஷம் வெல்டர் பெண்டாட்டி, எனக்கும் கொஞ்சம் தெரியும். இரும்பு உருகி உள்ளே இறங்காமல் மேலே திட்டுத் திட்டாக நின்றிருந்தது.

"எப்பிடி கீது?"

"நல்லா இருக்குதுங்க."

நோய் வந்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

மதியம் அவர் தூங்கும்போது குழாயை அசைத்துப் பார்த்தேன். ஒரு இணைப்பு ஆடியது. மறுநாள் என் தம்பி அவரை உடற்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும், பக்கத்துத் தெரு கிரில் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பழையதைத் தேய்த்தெடுத்து, எல்லா இணைப்பையும் புதிதாக வைத்து, மேலே பெயின்டும் அடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்தவர் குழாயைப் பிடித்து நாலு அடி நடந்தார். இரண்டாவது இணைப்பில் கை நின்றது. விரலால் மெதுவாகத் தடவினார்.

"யாரு?"

"கிரில் கடைக்காரரு. நீங்க வுழுந்துடுவீங்களோன்னு பயந்துட்டங்க."

இன்னொரு முறை தடவினார்.

"நல்லா வச்சிக்கீறான்" என்றார். அது தெளிவாகவே வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு மெஷினை அவர் தொடவில்லை. கோழிக்கு ஒரு கூண்டு செய்து தாங்க என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வருஷம் மறுபடியும் பக்கவாதம் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

கடைசிவரை அவர் ஒருநாளும் விழவில்லை. அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் பட்டறையில், சரியில்லாத வெல்டை யாராவது காட்டினால், மறுபேச்சில்லாமல் அறுத்துவிட்டுத் திரும்ப வைக்கிற மனுஷர் அவர். அன்றைக்கு ஆடுதுங்க என்று நான் சொல்லியிருந்தால், எத்தனை நாள் ஆனாலும் அவரே வைத்திருப்பார்.