பின்னிணைப்பில் ஒட்டிய சீட்டு

நேற்று அலமாரியை ஒழிக்கும்போது என் ஆய்வேட்டிலிருந்து ஒரு சீட்டு தானாகக் கழன்று தரையில் விழுந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். மனு பெற்றுக்கொண்டதற்கு தாலுகா ஆபீஸில் தரும் ஒப்புகைச் சீட்டு; ஓர் எண், ஒரு தேதி, பாதி அழிந்த வட்ட முத்திரை. ஆய்வேடு இன்னும் மிடுக்காகத்தான் இருக்கிறது. சிவப்பு ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்தில் ‘பொதுமக்கள் மனுக்களில் தாமதம்: ஒரு கள ஆய்வு’ என்று போட்டிருக்கும். செங்கல்பட்டில் பொது நிர்வாகத்தில் எம்.ஏ. படித்தபோது எழுதியது. படாளத்தில் எங்கள் வீட்டில் முதல் முதுகலைப் பட்டம் இதனால்தான் வந்தது. அந்தச் சீட்டு ஒரு மீன்கார அக்காவுடையது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க்கணக்குகளைத் தணிக்கை செய்து மனு வாங்கும் ஜமாபந்தி நாளில், கேள்வித்தாள் கட்டோடு தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டு மனைக்குப் பட்டா கேட்டு மனு கொடுத்தவள், பதிலே வரவில்லை. எனக்கு வாயெல்லாம் பல். தாமதத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு மூன்று வருஷத் தாமதம் கிடைத்தால் சும்மாவா? ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த சீட்டைக் காட்டினாள். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. அவளுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நகல் எடுத்துவிட்டு அடுத்த வாரம் தந்துவிடுகிறேன் என்றேன். “படிக்கிற புள்ள, நீ இன்னா ஏமாத்தவா போற” என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்கள் துறைத் தலைவர்தான் என் வழிகாட்டி. சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “ஜெராக்ஸ் எதுக்குய்யா? ஒரிஜினலையே ஒட்டு. வெளியேர்ந்து வர்ற தேர்வாளர் அசந்துடுவார்” என்றார். ஒட்டினேன். பைண்டிங்குக்கும் கொடுத்தேன். பசை தடவும்போது அக்காவின் நினைப்பே எனக்கு வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிற நாட்களில் அக்கா கல்லூரி கேட்டுக்கு வந்து கேட்டாள். முதல் தடவை, பைண்டிங்கில் இருக்கிறது என்றேன். இரண்டாம் தடவை கேண்டீனுக்குள் ஒளிந்துகொண்டேன். மூன்றாம் தடவை அவள் வந்தது என் வாய்மொழித் தேர்வு அன்று. அதற்குள் அவர்கள் குப்பத்தை ஒட்டி ஒரு சொகுசு விடுதிக்காரர் வேலி போட ஆரம்பித்திருந்தார். வேலிக்கு முன்பே மனு கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டுகிறவர்களுக்கு மட்டும் மாற்று மனை என்று தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “நாளிக்கு அளக்க வராங்கோ தம்பி. அந்தச் சீட்டு இல்லாட்டி எனுக்கு வூடே இல்ல. உன் கால்ல வேணா வியறேன்.”

ஒரு பிளேடு போதும். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்திருக்கலாம். கிழிந்த பக்கத்தைத் தேர்வாளர் பார்த்தால் மதிப்பெண் போய்விடுமே என்று பயந்தேன். மீன் வாடைக்கு மூக்கைச் சுளித்தபடி துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, “யாருய்யா இது?” என்றார். “தெரியலை சார்” என்றேன். பியூன் அவளை வெளியே அனுப்பினார். உள்ளே, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பின்னிணைப்பைத் தடவிப் பார்த்து, “இதுதான்யா கள ஆய்வு” என்றார். எனக்கு முதல் வகுப்பு.

தேர்வு முடிந்ததும் அந்தப் பிரதியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குப்பத்தை அளக்க வருவது மறுநாள்தான்; அதற்குள் சீட்டைக் கொடுத்திருக்கலாம். அன்றே வெற்றியைக் கொண்டாட நண்பர்களோடு முட்டுக்காட்டுக்குப் படகு ஓட்டப் போனேன். மாமல்லபுரம் வழியாகத்தான் போனோம். அக்காவின் குப்பம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தெற்கே. வண்டியை வடக்கே திருப்பச் சொன்னவன் நான்.

பட்டம் நன்றாகவே சோறு போட்டது. சில வருஷங்களில் தேர்வெழுதி வருவாய்த்துறைக்கு வந்தேன். துணை வட்டாட்சியராக அதே தாலுகாவுக்கு மாற்றலாகி ஜமாபந்தி மேஜையில் உட்கார்ந்தேன். வருஷம் தவறாமல் மனு கொடுக்கிற அக்கா அந்த வருஷம் மட்டும் எப்படி வராமல் இருப்பாள்? தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. தங்கச்சி வீட்டுச் சந்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருப்பதாகச் சொன்னாள். நான் நிமிராமல், “வேலி போடறதுக்கு முன்னாடி மனு குடுத்ததுக்கு அத்தாட்சி இருக்கா?” என்று கேட்டேன். அந்தக் குப்பத்தார் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

“இருந்துச்சு சார். ஒரு படிக்கிற புள்ள வாங்கினு பூட்சு.”

ஆய்வேடு என் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவில்தான் இருந்தது. பெருமைக்காக ஆபீஸில் வைத்திருந்தேன். அதைத் திறந்தால் சீட்டு என்னிடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த நேரம். ‘ஆதாரம் இல்லை’ என்று குறிப்பெழுதினேன். அவள் போகாமல் நின்றாள். அப்போதுதான் நிமிர்ந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு ஒரு சீட்டு குடு தம்பி. இந்த வாட்டி யார் கேட்டாலும் தர மாட்டேன்” என்றாள்.

அதுவரை சார் என்றவள். எண் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். அடுத்த வருஷ ஜமாபந்திக்கு அவள் வரவில்லை. ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

நேற்று விழுந்த சீட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு பசை எடுத்துவந்து, அதே பக்கத்தில், அதே இடத்தில் ஒட்டிவைத்தேன்.