மேலே விழுந்த முடிச்சு

எங்கள் பக்கத்தில் வேலிக்குப் பத்திரம் கிடையாது. முடிச்சுதான் பத்திரம். கிளுவைக் கம்புகளை வரிசையாக ஊன்றி, இரண்டு பக்கமும் பிளந்த மூங்கிலைக் குறுக்கே வைத்துக் கயிற்றால் இறுக்குவோம். முடிச்சு யார் பக்கம் விழுகிறதோ, வேலி அவருக்கு. வேலியோடு நிற்கிற மரமும் அவருக்கே.

அந்த மரம்தான் சிக்கல். என் வீட்டுக்காரி கையால் வைத்த பலாக்கன்று, வளர்ந்து பருத்து வேலிக்கே ஒரு தூணாக நின்றுவிட்டது. போன வருஷம்தான் முதல் காய். ஒரே காய், அதுவும் கைக்கு எட்டாத உயரத்தில். அதே வருஷம் ஆனி மாதம் கணவாய்க் காற்றில் பழைய வேலி சாய்ந்தது.

என் நிலம் மேற்கே. கிழக்கே, போலீஸிலிருந்து ஓய்வு பெற்று வந்த அண்ணாச்சியின் நிலம். வேலியை நான் கட்டிக்கொள்கிறேன் என்றதும் தலையாட்டிவிட்டார். பலாவைப் பற்றி ரெண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. முடிச்சு நம் பக்கம் வரவில்லையென்றால் வீட்டுக்குள் வராதே என்று வீட்டுக்காரி மட்டும் சொல்லியிருந்தாள்.

வேலி கட்ட, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவிலிருந்து ஒருவர் வந்தார். எனக்கு ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. சீசன் நேரம், நிற்க நேரமில்லை. முடிச்செல்லாம் மேல வரணும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். இங்கே மேல என்றால் மேற்கு. மேலத் தெரு, மேல வயல், எல்லாம் மேற்குதான். பச்சப்பிள்ளைக்கும் தெரியும்.

சாயங்காலம் வந்து பார்த்தால் என் பக்கம் ஒரு முடிச்சும் இல்லை. கிழக்கே எட்டிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அத்தனையும் மூங்கிலின் முதுகில், வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

“நீங்கதானே மேலன்னு பறஞ்சது?” என்றார் அவர். மழைத்தண்ணி இறங்கினால் முடிச்சு அழுகிப்போகுமே, இந்த மனுஷன் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று பகலெல்லாம் யோசித்தாராம். அவருக்கு மேற்கு என்றால் படிஞ்ஞாறு.

அண்ணாச்சி வந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார்.

“என்னலே, வேலிக்கு உச்சிக்குடுமி போட்டுவிட்டிருக்க?”

அவிழ்த்துக் கட்டச் சொல்லலாம்தான். அண்ணாச்சி பார்த்துக்கொண்டு நிற்கையில், என் பக்கம் இழுத்துக் கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். ஓணானைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு முழித்திருக்கும்.

ஆடி பிறந்தது. பழம் வாசம் அடிக்க ஆரம்பித்தது. நான் வெட்டினால் அண்ணாச்சி தப்பாக நினைப்பாரோ என்று நான் இருந்தேன். அவரும் வெட்டவில்லை. விட்டுக்கொடுக்கிறாரா, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்காரி பேச்சை நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது.

ஒருநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல். இன்றைக்கு விட்டால் குரங்குக்குத்தான், ஏணி கொண்டா என்றார். கொண்டுபோனேன். எந்தப் பக்கம் சாத்த என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், கேட்டது ஏணியை மட்டுமில்லை என்று உறைத்தது.

“மேல சாத்துலே.”

மேற்கே என்றாரா, மரத்தின் மேலே என்றாரா? முகத்தைப் பார்த்தேன். அவர் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்குதான் என்று வீட்டுக்காரி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள். எனக்குத் தெளியவில்லை. என் பக்கமே சாத்தினேன். ஏணியைப் பிடிக்க, அவர் ரோடு சுற்றிக்கொண்டு வந்தார்.