தூதரகத்தில் சொன்ன ஆடிக் கதை

எங்கள் வீட்டில் மூன்று பேர். இரண்டு பேர் பிரெஞ்சுக் குடிமக்கள், நான் மட்டும் இந்தியக் குடிமகள். கேட்பவர்கள் ஏதோ வெள்ளைக்காரக் குடும்பம் என்று நினைத்துவிடுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. என் கணவரின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வழியில் கணவருக்கும், பிறகு எங்கள் மகளுக்கும் பிறப்பிலேயே குடியுரிமை வந்துவிட்டது. நான் வீராம்பட்டினத்தில் மீன் விற்பவளின் மகள். எனக்குப் பிறப்பிலேயே வந்தது கோபம் மட்டும்தான்.

கணவருக்கு பிரான்சில் வேலை கிடைத்தது. "நீ விசாவுல வா. அங்க போயி மெதுவா பாத்துக்கலாம்" என்றார்.

முடியாது என்றேன். அங்கே போய் தங்கும் அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நின்றுகொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை. பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் ஆனவள் இங்கிருந்தே குடியுரிமைக்கு மனு போடலாம். அது கைக்கு வந்தால்தான் விமானம் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பாவம், வேலையில் சேரும் நாளைத் தள்ளிப்போட்டார். இன்னொரு முறை தள்ள முடியாது. மனு நிராகரிக்கப்பட்டால் அவரும் மகளும் போய்விடுவார்கள். இவ்வளவு வீறாப்புப் பேசிய நான் குருசுக்குப்பத்தில் மாமியார் வீட்டில் போய் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன், தேர்வு எழுதினேன், தேறினேன். கடைசியில் தூதரகத்தில் நேர்காணல். கணவனும் மனைவியும் சேர்ந்து போக வேண்டும். எதிரே கண்ணாடி போட்ட ஒரு பிரெஞ்சு அம்மாள். மகளின் பள்ளி, வீட்டுச் சமையல் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் தட்டுத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் கேட்டார், கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் இருவரும் இடைவெளி இல்லாமல் ஒன்றாக வாழ்ந்து வருகிறீர்களா என்று.

"இல்லை, மதாம்" என்றேன்.

பக்கத்தில் கணவர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. பொய் சொல்லக் கூடாது என்று ஆயிரம் முறை சொல்லி அழைத்து வந்தவரும் அவர்தான்.

அந்த அம்மாள் பேனாவைக் கையில் எடுத்தார். பிரிந்திருந்தீர்களா? ஆமாம், கல்யாணம் ஆன சில வாரத்திலேயே. யார் முடிவு? என் அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பிறகு? ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். அதன் பிறகு எப்போதாவது? கர்ப்பமாக இருந்தபோது மறுபடியும் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள், அப்போது பல மாதம்.

சொல்லச் சொல்லத்தான் இது அந்த அம்மாளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு உறைத்தது. கட்டியவன் அடித்து விரட்டிய கதை மாதிரி இருந்தது.

ஆடி மாதத்துக்கு பிரெஞ்சில் என்ன சொல்வது? வகுப்பில் சொல்லித்தரவில்லை. ஜூலை நடுவில் தொடங்கும் ஒரு மாதம் என்று ஆரம்பித்தேன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அந்த மாதம் சேர்ந்திருக்கக் கூடாது, கரு உண்டானால் பிள்ளை கத்திரி வெயிலில் பிறக்கும் என்றேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்றும் சொன்னேன். கூச்சப்பட்டுப் பேச எனக்கு அந்த மொழியில் வார்த்தை போதாது. அதனால் எல்லாவற்றையும் பச்சையாகவே சொன்னேன். கணவர் காது சிவந்துவிட்டது.

"அப்படியானால் அந்த ஒரு மாதம் நீங்கள் இவரைப் பார்க்கவே இல்லையா?"

உண்மையைச் சொல்வதென்று ஆகிவிட்டது. "தினமும் பார்த்தேன், மதாம்."

இரும்புக் குண்டு வீசும் பெத்தாங்க் விளையாடப் போவதாகத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, இவர் சாயங்காலமானால் ஸ்கூட்டரில் வீராம்பட்டினம் வந்துவிடுவார். என் அம்மா முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து மீன் வறுத்து வைத்தாள். தின்றுவிட்டு, என்னோடு கொஞ்சம் பேசிவிட்டு, மீன் வாசம் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்புவார். இதையும் சொன்னேன்.

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "உண்மையா?"

"வுய், மதாம்" என்று ஒத்துக்கொண்டார். தலை நிமிரவில்லை. நாற்பது வயதுக்காரர், மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார், வாய்விட்டு. பிறகு ஏதோ நீளமாக எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும், "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார் கணவர். கடற்கரைச் சாலையில் நின்று சண்டை போட்டோம். அதன் பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தகவல் வந்தபோது நான் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கணவர் போனில், "வந்துடுச்சு, உனக்கு வந்துடுச்சு" என்றார். நான் கடைவாசலில் இருந்த வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் மீன் ஏலம் போடும் சத்தம். நான் சொன்னதை அவள் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். குடியுரிமை, தூதரகம் எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்டி. உன்ன மட்டும் இங்க உட்டுட்டுப் போவ மாட்டாங்கல்ல?"

"இல்லம்மா. சேந்துதான் போறோம்."

"அப்பாடா" என்றாள் அம்மா. அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட நிம்மதியடைந்தவள் அவள்தான். நான் போய்விட்டால் கரையில் தனியாக இருக்கப்போகிறவளும் அவள்தான்.